காலை வெளிச்சத்துக்கு ஒரு சட்டம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இருமல் விட்டதா? மரத்தூளை மூக்கு வழியாகத் தின்னவே பிறந்தவன் நீ. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஒரு நல்ல சேதி. இங்கே உள்ள பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு கூடம் இருக்கிறது. உள்ளே போனவர்களுக்காக வீட்டு மனிதர்கள் காத்திருக்கும் இடம். அங்கே ஒரு சுவர் மொட்டையாக நிற்கிறது. அதில் மாட்ட ஒரு காடு வரைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகி அம்மா என்னை அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "காலை வெளிச்சம் வரணும்மா. இங்க உக்கார்றவங்களுக்குப் பார்க்க ஒண்ணுமே இல்ல. அந்தக் கதவையே பார்த்துட்டு இருக்காங்க." நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்தால் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய படம். ஊருக்கு வெளியே ரயில் பாதைக்கு அப்பால் உள்ள காட்டில் சில நாட்கள் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்து, வெளிச்சம் வருவதைப் பார்த்துவிட்டு வந்தேன். இனி அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டியதுதான். சட்டம் உன் கையால்தான். எப்போதும்போல, தூரிகையைத் துடைத்த கேன்வாஸ் துண்டுகளை அனுப்புகிறேன். அதைப் பார்த்து மரத்தையும் பூச்சையும் நீ தேர்ந்தெடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இருமல் போய்விட்டது. துணியும் கட்டிக்கொள்கிறேன், நம்பு. என் மனைவி பக்கத்தில் நின்று சாட்சி சொல்கிறாள்.

படத்தைக் கண்ணால் பார்க்காமல், தூரிகை துடைத்த துணியைப் பார்த்துச் சட்டம் போடுகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று பட்டறையில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இத்தனை வருடத்தில் உன் படம் ஒன்றுக்காவது என் சட்டம் பொருந்தாமல் போயிருக்கிறதா?

கூடம், மொட்டைச் சுவர் என்று நீ எழுதியதும் எனக்கு அப்பாவோடு கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நமக்கு எதிரேயும் வெறும் சுவர்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போய்விட்டது, முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அப்போது இப்போதைய உன் வயதுதான் இருக்கும், இல்லையா? அங்கே ஒரு படம் இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நீ நல்லபடியாக வரை.

உன் துண்டுக்காகக் காத்திருக்கும்,
தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தப் படம் என்னைப் படாதபாடு படுத்துகிறது.

முன்னால் நிற்கும் மரங்கள் வந்துவிட்டன. பட்டையைத் தொட்டால் விரலில் ஒட்டும் போல இருக்கின்றன. தூரத்து மரங்கள்தான் வம்பு செய்கின்றன. காலையில் தூரத்து மரங்கள் கொஞ்சம் நீலம் பூசிக்கொண்டு பின்வாங்கி நிற்க வேண்டும், அப்போதுதான் நடுவில் வெளிச்சம் நிற்க இடம் கிடைக்கும். நான் எவ்வளவு நீலம் சேர்த்தாலும் அவை மண் நிறமாகவே நிற்கின்றன. இந்த டியூப்காரன் கலப்படம் செய்கிறான் போலிருக்கிறது. வேறு கம்பெனி நீலம் வாங்கினேன், அதுவும் அப்படியே. அறை விளக்கும் சரியில்லை. இரண்டு முறை மாற்றிவிட்டேன். இப்போது வரும் பல்புகளில் வெளிச்சமே இல்லை.

கீழ் வீட்டு டீச்சரிடம் சொல்லி மாடிப்படியிலும் ஒரு விளக்குப் போட வைத்திருக்கிறேன். "பகல்லயே எதுக்கு லைட்டு?" என்று கேட்டார். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

துண்டு வைத்திருக்கிறேன். தூரத்து மரமும் காலைப் பனியும் சேர்ந்த நிறம் அது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். துண்டு வந்து சேர்ந்தது.

உறையைப் பிரித்து மேசையில் வைத்ததும் என் மனைவி எட்டிப் பார்த்து, "அக்கா இப்ப கடல் வரையறாங்களா?" என்று கேட்டாள். காடு என்றேன். "ராத்திரிக் காடா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், விடு. ஆனாலும் கேட்கிறேன், காலை வெளிச்சம் என்றுதானே சொன்னாய்? நடுவில் மனம் மாறிவிட்டதா? ராத்திரி என்றால் கருமையான மரம்தான் பொருந்தும். வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

அன்புள்ள,
தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

நலம். காட்டைப் போய்ப் பார்த்தவள் நான். துணியைப் பார்த்தவன் நீ. காலை என்று சொன்னால் காலைதான்.

உன் மனைவி கடலைப் பார்த்தாளாம், அதை நீ எனக்கு எழுதுகிறாயாம். இவ்வளவு வருடமாக நிறம் கலக்கிறேன், எனக்கு நீலம் தெரியாதா? கருப்பும் கிருப்பும் வேண்டாம். வெளிர் நிறத்தில் மெல்லிய சட்டம் போடு.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கோபம் உறைக்கு வெளியிலேயே சுட்டது. தப்பு என்னுடையது. உன் தம்பி மனைவியும் மன்னிப்புக் கேட்கிறாள். அடுத்த முறை கடலையே நேரில் பார்த்தாலும் காடு என்று சொல்லிவிடுகிறாளாம்.

வெளிர் சட்டம் என்றாய். அதற்காக மூலைத் துண்டுகள் இரண்டு செய்து பூச்சுப் பூசி அனுப்புகிறேன். எது பிடிக்கிறது என்று சொல். இரண்டையும் படத்தின் ஓரத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல். அவசரம் இல்லை.

வேண்டுமானால் ஒரு நடை நானே வந்து அளவெடுத்துவிட்டுப் போகிறேன். உன்னையும் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அன்புள்ள,
தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். என் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று நினைக்காதே. புதுப் பேனா, முனை தடிமன்.

மூலைத் துண்டுகள் வந்தன. எதற்கு ஒரே மாதிரி இரண்டு அனுப்பினாய்? ஒன்று உடைந்துபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்றா? இரண்டும் ஒரே சந்தன நிறம்தான். ஏதோ ஒன்றைப் போடு. வேலை இல்லாத நேரத்தில் என்னோடு விளையாடுகிறாய் போலிருக்கிறது.

நிர்வாகி அம்மா வந்து படத்தைப் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார், தள்ளிப் போயும் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கும்மா. இது எத்தனை மணி காடு?" என்று கேட்டார். காலை ஆறரை என்றேன். "ஓ" என்றார். தேநீர் கொடுத்தேன், பாதியைக் குடித்துவிட்டுப் போனார். ஜூலையில் மாட்ட வேண்டுமாம்.

நீ இப்போது வர வேண்டாம். அறை முழுக்கப் பெயிண்ட் நாற்றம். உட்கார இடம் இல்லை. முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு. எழுத உட்கார்வேன், எழுந்துவிடுவேன்.

விஷயம் இதுதான். கொஞ்ச காலமாக எனக்குக் கண் சரியில்லை. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வட்டம் தெரிகிறது. டாக்டரிடம் போனேன். அப்பாவுக்கு என்ன இருந்தது என்று கேட்டார், சொன்னேன். அது குடும்பத்தில் வரக்கூடிய வியாதியாம். கூடப் பிறந்தவர்களின் கண்ணையும் சோதித்து, அந்த முடிவைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன செய்வது என்று சொல்ல முடியுமாம்.

உனக்கு ஒன்றும் இருக்காது. எனக்காக ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வா. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நீ போகும்வரை இங்கே எனக்கு வேலை ஓடாது.

தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை டீச்சர்தான் படித்துக் காட்டினார். என் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். படித்து முடிப்பதற்குள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாளைக்கே போகிறேன். டீச்சர் கூட வருகிறார். நீ கண்டதையும் நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மெஷின் பக்கம் போகாதே, ரம்பம் பக்கம் போகவே போகாதே. பட்டறையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஒருவருடைய சட்டைக்குத் துணி வெட்டும்போது, முன்பக்கம் இரண்டையும் இடது பக்கமாகவே வெட்டிவிட்டார். எத்தனை வருடத் தையல்காரர்! "வெளிச்சம் பத்தல" என்றார். நாமும் கடைக்குப் போய்ப் புது விளக்கு வாங்கி வந்து மாட்டினோம். பிறகு இன்னொன்று. விளக்கைத்தான் மாற்றினோம், அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. காலையில் எழுந்து அவருடைய ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், அது பெரிய உதவி என்று எனக்கு நினைப்பு.

உனக்கு அப்படி ஆக விடமாட்டேன். முடிவு தெரிந்ததும் அன்றைக்கே எழுதுகிறேன்.

அக்கா


மே 3

என் தங்கத் தம்பிக்கு,

அழுத்தம் இல்லை! நரம்பு நன்றாக இருக்கிறதாம்! அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. வெறும் கண்புரை. இரண்டு கண்ணிலும் முற்றிப்போய், பழைய கண்ணாடிச் சீசா மாதிரி மஞ்சளாகிவிட்டதாம். டாக்டர் சின்னப் பெண். "இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா படம் வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். "டியூப்பைக் குறை சொல்லிக்கிட்டே வரைஞ்சேன்" என்றேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சின்ன ஆபரேஷனாம், ஒரு கண் முடிந்து சில வாரம் கழித்து இன்னொன்று. என் வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி.

இப்போது சொல்கிறேன், திட்டாதே. போன வருடத்திலிருந்தே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. டியூப் மேல் இருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். அப்பாவுக்கு வந்ததுதான் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். டாக்டரிடம் போனால் அவர் அதைச் சொல்லிவிடுவார், போகாவிட்டால் இந்த ஒரு படத்தையாவது முடித்துவிடலாம் என்று இருந்தேன். உனக்காக இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன். இருட்டு அறையில் தாடையை அந்த மெஷின் மேல் வைத்துக்கொண்டு, எனக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அவனுக்கு மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் டீச்சர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினார்.

என் முடிவை உன் டாக்டரிடம் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. டாக்டர் பெயரையும் எழுது.

உன் அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்றே படித்தேன். போன உயிர் திரும்பி வந்தது. என் மனைவி மூன்று முறை வாங்கி வாங்கிப் படித்தாள். பட்டறையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். அக்காவுக்குக் கண்புரை என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. முடிந்த பிறகு பாரம் தூக்காதே, குனியாதே, கண்ணைக் கசக்காதே. என் மனைவி துணைக்கு வருகிறாள், மறுப்புச் சொல்லாதே. அவளுக்குப் பெயிண்ட் நாற்றம் பழக்கம்தான்.

எனக்கு இப்போது பரவாயில்லை. வெயில் இங்கே அதிகம்.

அன்புள்ள,
தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம், நலம். இடது கண் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரி என்னை ஒரு பாத்திரம் கழுவ விடவில்லை. நாளை ரயில் ஏற்றிவிடுகிறேன். நல்ல பெண், உனக்கு அதிகம்தான்.

கண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரித்த அன்று முதலில் என் படத்தைத்தான் பார்த்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். அட கடவுளே! அது காலையே இல்லை. நீல நீலமாக, ஒரு நட்சத்திரம் கூட இல்லாத நடு ராத்திரி. பிறகு இடது கண்ணை மூடிவிட்டுப் பழைய வலது கண்ணால் பார்த்தேன். இளம் வெளிச்சம் வருகிற காலை. இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மனைவி கதவருகில் நின்று, "அக்கா, நான் அன்னைக்கே கடல்னு சொன்னேன்ல?" என்றாள். இருவரும் சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதே மறந்துபோனது.

சிரித்து முடித்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இதை அந்தக் கூடத்தில் மாட்டினால், உள்ளே ஆள் கிடக்கும்போது வெளியே இருப்பவர்கள் ராத்திரிக் காட்டில் அல்லவா உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கத்தியைக் கூட எடுத்துவிட்டேன். பிறகு தோன்றியது, விடிவதற்கு முன்னால் நான் போய் உட்கார்ந்தபோது காடு இப்படித்தானே இருந்தது? அதனால் நீலத்தை அப்படியே விட்டுவிட்டேன். தூரத்து மரங்களுக்கு நடுவில் மட்டும், தரையை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சத்தை வைத்தேன். அதிலிருந்து கொஞ்சத்தை முன்னால் நிற்கும் ஒரு மரத்தின் பட்டையில் தடவினேன். போதும் என்று பட்டது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "விடியப்போகுதுல்ல?" என்றார். முன்னால் பார்த்தபோது பயமாக இருந்ததாம், சொன்னால் மனம் நோவேன் என்று சொல்லவில்லையாம். நிர்வாகி அம்மாவும் வந்து பார்த்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து முழுத் தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் வைத்துப் பார்க்கலாம் என்று அந்த இரண்டு மூலைத் துண்டுகளையும் ஜன்னலில் வைத்தேன். வலது கண்ணுக்கு இரண்டும் சந்தனம். இடது கண்ணுக்கு ஒன்று சந்தனம், ஒன்று பால் வெள்ளை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் போகமாட்டேன் என்றும் உனக்குத் தெரிந்திருக்கிறது. விளக்கைச் சுற்றி வட்டமாம், டாக்டர் கேட்டாராம்! டாக்டர் பெயரைக் கேட்டால் வெயில் அதிகம் என்று பதில். உன் மனைவியிடம் கேட்டேன், அவள் பாத்திரம் கழுவ ஓடிவிட்டாள். யாருக்குடா காது குத்துகிறாய்?

அந்தப் பத்து நாளும் உனக்காக நான் பட்ட பாட்டுக்கு உன் முதுகில் நான்கு வைக்க வேண்டும். வைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். நீ என் தம்பியாகப் பிறந்ததற்கு நான் என்ன செய்தேனோ தெரியவில்லை.

ஆனால் நீயும் அப்பாவின் பிள்ளைதான். நிஜமாகவே போய்க் கண்ணைக் காட்டு. காட்டாமல் நீயும் வர வேண்டாம், உன் சட்டமும் வர வேண்டாம். சட்டம் வெள்ளையில் வேண்டும். சந்தனம் வேண்டாம்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்தத் தடவை டாக்டர் சொல்லியே எழுதுகிறேன். அழுத்தம் இல்லை, நரம்பு நன்றாக இருக்கிறது, புரையும் இல்லை. தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டுமாம், உன்னையும் காட்டச் சொன்னார். இது பொய்யில்லை.

நான் எழுதிய பொய்க் கடிதத்தில் ஒன்று மட்டும் நிஜம். எனக்குப் பயமாக இருந்தது. "ஒரே மாதிரி இரண்டு எதற்கு" என்ற உன் வரியைப் படித்த பிறகு ஒரு மாதம் நான் எந்தச் சட்டத்தையும் ஒழுங்காக இணைக்கவில்லை. எல்லா மூலையும் விலகிக்கொண்டே இருந்தது.

சட்டம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நானே கொண்டு வருகிறேன். நான்கு வைப்பதை மாட்டி முடித்த பிறகு வைத்துக்கொள், தோள் வலித்தால் ஆணி கோணலாகப் போகும்.

நேற்று சாக்குத் துணி சுற்றிக் கட்டும்போது, பட்டறையில் பூச்சுப் போடுகிறவர் கேட்டார்: "ரெண்டு கலர்ல குழப்பம் வந்துச்சே, மேல வெள்ளைனு எழுதி ஒட்டிடவா?"

"வேணாம், அக்காவே பார்த்துக்குவாங்க" என்று சொன்னேன்.

தம்பி